தாது வருஷத்து அறிக்கைகளை மக்கள் கையில் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பழைய மருத்துவ நூல் என்று பேச்செடுத்தாலே நம் ஊரில் எல்லோரும் நேராகச் சித்தர் சுவடிகளுக்குப் போய்விடுகிறார்கள். சுவடிகள் காக்கப்பட வேண்டியவைதான், அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் பழைய நூலகங்களிலும் இன்னொரு பெருங்குவியல் கிடக்கிறது. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர்கள் ஆண்டுதோறும் எழுதிய அறிக்கைகள், அம்மை குத்திய கணக்குகள், காலராவும் பிளேக்கும் வந்தபோது அதிகாரிகளுக்குள் ஓடிய கடிதங்கள். இவற்றைப் பற்றி வாய் திறப்பவர்கள் மிகக் குறைவு.

நான் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். தண்ணீர்த் தொட்டியில் குளோரின் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது, வாந்திபேதி கண்ட தெருவில் வீடு வீடாக ஏறி இறங்குவது, இதுதான் என் பிழைப்பு. 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் இந்தியாவிலேயே இந்த வகையில் முதலாவது என்று எங்களுக்குப் பயிற்சியில் சொன்னார்கள், பெருமையாகத்தான் இருந்தது. அதற்கு முன்னால் எத்தனை சாவு, எத்தனை சண்டை என்பதை யாரும் சொல்லவில்லை. ஓய்வுக்குப் பிறகு நூலகத்தில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்த பிறகுதான் அது கொஞ்சம் கொஞ்சமாக விளங்கியது.

ஒரே ஒரு சண்டையைச் சொல்கிறேன், அது ஒன்றே போதும். தாது வருஷப் பஞ்சத்தை நம் வீட்டுப் பெரியவர்கள் பேசக் கேட்டிருப்போம். 1876இல் மழை பொய்த்து, மாகாணத்தில் பல லட்சம் பேர் செத்தார்கள். நிவாரண வேலைக்குச் சென்னை அரசு அதிகமாகச் செலவழிக்கிறது என்று நினைத்த வைஸ்ராய் லிட்டன், 1877 தொடக்கத்தில் சர் ரிச்சர்ட் டெம்பிள் என்பவரை இங்கே அனுப்பினார். வந்தவர் கூலியைக் குறைத்தார். மண் வெட்டி, கல் சுமந்து வேலை செய்யும் ஓர் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் வாங்கும் அளவுக்குக் காசு, மேற்கொண்டு கொஞ்சம் சில்லறை, அவ்வளவுதான். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோ கூட இல்லை.

அப்போது இங்கே சுகாதார ஆணையராக இருந்தவர் டபிள்யூ. ஆர். கார்னிஷ் என்ற மருத்துவர். 1863லேயே இந்த மாகாணத்து மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று தகவல் திரட்டி அறிக்கை எழுதியவர் அவர், அதனால் இந்த விஷயத்தில் அவரை யாரும் ஏமாற்ற முடியவில்லை. உழைக்கிற உடம்புக்கு ஒரு பவுண்டு பற்றாது, பருப்பு மாதிரி சத்து வேண்டும் என்று தன் மேலதிகாரிகளுக்கு எதிராகவே எழுத்தில் வாதாடினார். டெம்பிள் விடவில்லை, ஆட்களை நேரில் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்கிற தோரணையில் பதில் வந்தது. கார்னிஷ் தரப்பின் வாதத்தில் என்னை உலுக்கிய இடம் ஒன்று உண்டு. பட்டினி உடனே கொல்வதில்லை, உடம்பு உள்ளுக்குள் மெல்லக் கரைகிறது, ஒரு கட்டம் தாண்டினால் குடலே தேய்ந்துபோய், பிறகு சோறு போட்டாலும் உடம்பில் ஒட்டாது. பார்வைக்கு நன்றாக இருக்கிறவனும் அடுத்து வரும் காலராவுக்குத் தாங்க மாட்டான். நிவாரண முகாம் மருத்துவமனையில் வேலை பார்த்த அலெக்சாண்டர் போர்ட்டர் என்ற மருத்துவர், பஞ்சத்தில் இறந்தவர்களின் உடல்களை அறுத்துப் பார்த்து இதையே எழுதினார், அது 1889இல் சென்னையில் தனி நூலாக அச்சாகி வந்தது.

சில மாதங்களில் கூலி உயர்த்தப்பட்டது. ஆனால் அந்தச் சில மாதங்களில் போன உயிர் போனதுதான். சென்னையில் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி அந்தப் பஞ்ச நிவாரண வேலையில்தான் வெட்டப்பட்டது, அந்தக் கரையோரம் தினமும் ரயிலில் போகிற எத்தனை பேருக்கு இது தெரியும்?

இதெல்லாம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். டெம்பிளும் கார்னிஷும் மோதிக்கொண்டதைப் பத்திரிகையாசிரியர் வில்லியம் டிக்பி 1878இல் வெளியிட்ட இரண்டு தொகுதிப் புத்தகத்தில் விரிவாகப் படிக்கலாம். சென்னை மாகாண அம்மை குத்தல் அறிக்கைகளை எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து தேசிய நூலகம் வருடி (ஸ்கேன் செய்து) இணையத்தில் இலவசமாகவே போட்டு வைத்திருக்கிறது, கைப்பேசியிலேயே பார்க்கலாம். அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும், சொல்கிறேன். ஆனால் நம் தாத்தா பாட்டிகளுக்கு யார் அம்மை குத்தினார்கள், எந்த மாவட்டத்தில் எத்தனை பேர் என்பதை எடின்பரோவின் தயவில்தான் படிக்க வேண்டுமா? எல்லாம் ஆங்கிலத்தில் வேறு இருக்கிறது. முக்கியமான நாலு பக்கத்தைத் தமிழாக்கி, அட்டவணையை விளக்கி வெளியிட்டால் பள்ளிப் பிள்ளைகள் கூடப் படிப்பார்கள். 2020இல் இ-பாஸ் வாங்க அலைந்தோமே, பிளேக் காலத்தில் இதே மாகாணத்தில் நோய் பரவிய ஊர்களிலிருந்து வந்தவர்களுக்குப் பாஸ்போர்ட் என்ற பெயரில் சீட்டு கொடுத்து, பத்து நாள் அதிகாரி முன் வந்து நிற்கச் சொன்னார்கள். அப்போது மக்கள் எதற்குப் பணிந்தார்கள், எதற்குக் கொதித்தார்கள் என்பதைப் படித்திருந்தால், தெருவை அடைக்கப் போகும்போது எங்களுக்கே அது உதவியிருக்கும்.

தமிழில் எதுவும் இல்லையா என்றால், இருக்கிறது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் 19ஆம் நூற்றாண்டில் தமிழிலேயே மருத்துவம் கற்றுக்கொடுத்தார். அவரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து அறுவை மருத்துவம், பிரசவம், உடற்கூறு எல்லாவற்றையும் தமிழாக்கினார்கள். 1872இல் வந்த 'மனுஷ அங்காதிபாதம்' என்ற உடற்கூறு நூல் மட்டும் எண்ணூறு பக்கத்துக்கு மேல். தமிழில் மருத்துவம் சாத்தியமா என்று இன்றைக்கும் மேடை போட்டு விவாதிக்கிறார்கள், அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு விவாதிக்கட்டும். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் போயின. ஒரே இடத்தில் ஒரே பிரதியை நம்பி இருக்கக் கூடாது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். இலங்கைத் தமிழர்கள் அதற்குப் பிறகு 'நூலகம்' என்ற இணையத்தளத்தைத் தொடங்கி, கிடைப்பதையெல்லாம் வருடி ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் மன்னர் இரண்டாம் சரபோஜி காலத்துக் கண் நோயாளிகளின் குறிப்புகள், கண்ணை வண்ணத்தில் வரைந்த படங்களோடு இருக்கின்றன. கோயில் பார்க்கத் தஞ்சைக்கு வரும் கூட்டத்தில் நூறில் ஒருவராவது இதைப் பார்த்துவிட்டுப் போக வேண்டாமா?

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் ஏற்கெனவே நன்றாக நடக்கிறது, அதிலேயே பொதுச் சுகாதாரத்துக்கென்று ஒரு பகுதி ஒதுக்கி, மாகாண அறிக்கைகளை ஆண்டு வாரியாக ஏற்றலாம். கோட்டூர்புரத்திலும் மதுரையிலும் இவ்வளவு பெரிய நூலகங்களைக் கட்டியிருக்கிறோம், அங்கே ஒரு கண்காட்சி வைத்தால் இடமா போதாது? சுகாதார ஆய்வாளர், கிராம சுகாதார செவிலியர் பயிற்சியில் ஒரு நாளையாவது நூலகத்துக்கு ஒதுக்க வேண்டும். மருந்துப் பெட்டியோடு சேர்த்து இதையும் தெரிந்துகொண்டு ஊருக்குள் போகட்டும்.

அப்புறம் ஒன்று, இதுதான் அவசரம். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் பழைய அம்மை குத்தல் பதிவேடுகளைக் கரையான் அரித்தது போக மிச்சத்தை எடைக்குப் போட்டுவிட்டார்கள், தடுக்க முடியவில்லை. வீட்டு எண், குழந்தையின் பெயர், தழும்பு விழுந்ததா இல்லையா என்று ஒவ்வொரு வரியும் கையால் எழுதியது. 1977இல் இந்தியாவில் பெரியம்மை ஒழிந்துவிட்டது என்று அறிவித்தார்களே, அது இந்த மாதிரி நோட்டுகளில் நடந்த வேலை. இப்படிப் பதிவேடுகள் இன்னும் ஏதாவது ஆரம்ப சுகாதார நிலையத்தின் பரணில் இருந்தால், அங்கே இருப்பவர்கள் தயவுசெய்து எடைக்குப் போடுவதற்கு முன் மாவட்ட மைய நூலகத்துக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். நூலகத் துறையும் அவற்றை வாங்கி வைத்துக்கொள்ளும்படி ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர் ஒருவர்,
திண்டுக்கல் மாவட்டம்