நேர்முகத் தேர்வுத் திகதியைப் படத்துக்குள் அடைக்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வேலைவாய்ப்பு, கற்கைநெறி, வங்கிக் கணக்கு என எதற்கு இணையத்தளத்தில் விண்ணப்பித்தாலும் பதில் மின்னஞ்சலாகவே வருகிறது. அவற்றை அனுப்பும் நிறுவனங்கள் பல, வண்ணமும் சின்னமும் நிறைந்த எச்.டி.எம்.எல். வடிவத்தை மட்டும் அனுப்பிவிட்டு, வெறும் எழுத்து வடிவத்தைக் கைவிட்டுவிடுவது குறித்தே எழுதுகிறேன்.

ஹட்டனில் நான் நடத்தும் கொமியூனிகேஷன் எனும் தொலைபேசி, கணினிச் சேவைக் கடைக்கு மஸ்கெலியாப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து அண்மையில் ஒரு யுவதி வந்தார். தனியார் நிறுவனமொன்று அவரை நேர்முகத் தேர்வுக்கு அழைத்திருந்தது. அவரது தொலைபேசியிலோ மேலே நிறுவனத்தின் பெயர், கீழே 'இதற்குப் பதில் அனுப்ப வேண்டாம்' என்ற வரி, இடையில் ஒரு வெற்றுக் கட்டம் என்பவை மட்டுமே தெரிந்தன. எமது கணினியில் திறந்தபோதுதான் திகதி, நேரம், கொண்டுவர வேண்டிய சான்றிதழ்கள் யாவும் ஒரே படத்துக்குள் இருந்தது புலப்பட்டது. லயத்துக்கு மேலேயுள்ள மேட்டில் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும் இடத்தில், ரீலோட் தீரும் தறுவாயில், அவ்வளவு பெரிய படம் இறங்கிவிடுமென்று எப்படி எதிர்பார்க்கிறார்களோ தெரியவில்லை. பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளுக்கும் இத்தகைய படம் பெரும்பாலும் ஊமைதான்.

ஒரே மின்னஞ்சலுக்குள் ஒரே செய்தியை இரு வடிவங்களிலும் வைத்தனுப்ப, மின்னஞ்சலின் உள்ளமைப்பை வகுக்கும், 1996இல் வெளியான மைம் தரநிலையிலேயே வழியுண்டு. வெறும் எழுத்தை முதலிலும் எச்.டி.எம்.எல்.ஐ இறுதியிலும் வைக்க வேண்டும். பெறுபவரின் செயலி தன்னால் காட்டக்கூடியவற்றுள் கடைசியானதை எடுத்துக்கொள்ளும். பெரும்பாலான தொலைபேசிகள் எச்.டி.எம்.எல்.ஐயே காட்டும்போது எழுத்து வடிவம் எதற்கு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே, அந்த யுவதிக்கும் அது நேரடியாக உதவியிருக்காது. ஆனால் எழுத்து வடிவத்தைத் தயாரிக்க அமர்பவர் திகதியை எழுத்தால் எழுதியே ஆக வேண்டும், 'இங்கே அழுத்தவும்' என்பதற்குப் பதிலாக முழு இணைய முகவரியையும் தர வேண்டும். அவ்வாறு எழுதியதை எச்.டி.எம்.எல். வடிவத்திலும் எழுத்தாகவே இடுவதற்கு மேலதிக உழைப்பு எதுவும் தேவைப்படாது. அத்துடன், வேண்டாத மின்னஞ்சல்களைப் பிரித்தெடுக்கும் ஸ்பாம்அசாசின் போன்ற வடிகட்டிகள் எச்.டி.எம்.எல். மட்டுமே கொண்ட மின்னஞ்சலுக்குச் சந்தேகப் புள்ளி இடுவதால், எழுத்து வடிவம் இருந்தால் கடிதம் குப்பைப் பெட்டியில் விழும் வாய்ப்பும் குறையும்.

எழுத்து வடிவத்தைப் பெயரளவில் சேர்ப்பவர்களும் உள்ளனர். 'இதனைப் பார்வையிட வேறு செயலியைப் பயன்படுத்தவும்' என்ற ஒற்றை வரியை இட்டுவிட்டுக் கடமை முடிந்ததென்று இருந்துவிடுகிறார்கள். அதைவிட இடாமலே விடலாம். தமிழில் அனுப்புவோர் குறியாக்கத்தை, அதாவது எழுத்துகளைக் கணினி பதிந்துவைக்கும் முறையை, யூ.டி.எஃப்.-8 என அமைக்கத் தவறினால், சில வேளைகளில் பெயர் முதல் முகவரி வரை கேள்விக்குறிகளே வரிசையாக வந்து நிற்கும். பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் தெரியாதிருந்த காலத்தில் படமாக அனுப்பியதற்குக் காரணம் இருந்தது. தனி எழுத்துரு எதையும் சாராத பொதுக் குறியீட்டு முறையான யுனிகோட் வந்த பின்னரும் அதே வழக்கத்தைத் தொடர்வது வெறும் சோம்பேறித்தனம்.

விற்பனை விளம்பரங்கள் எவ்வளவு அலங்காரமாக வந்தாலும் எனக்கு ஆட்சேபமில்லை. அனுமதி அட்டை, நேர்முகத் தேர்வு, கட்டண இறுதி நாள் ஆகியவற்றை அறிவிக்கும் நிறுவனங்களேனும், அனுப்புவதற்கு முன்னர் படங்களைக் காட்டாதவாறு அமைத்த ஒரு தொலைபேசிக்கு அம்மின்னஞ்சலை அனுப்பி, திகதியும் இடமும் தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
ஹட்டன்.