சி.எஸ்.கே. போல்ட்டுக்கு எத்தனை டிகிரி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் தொழில் பக்கத்தில் டைட்டானியம் போல்ட்டுகளைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை தேநீரோடு, இரண்டாம் முறை சிவப்புப் பேனாவோடு. பெங்களூரில் விமான உதிரிப் பாகங்களின் தரப் பரிசோதனையில் 29 ஆண்டுகள் இருந்தவன். ஓய்வு பெற்றும் அந்தப் பேனா கையை விட்டுப் போகவில்லை.

"எஃகைவிட வலிமையானது, துருப்பிடிக்காது, எடையில் பாதிதான், எனவே கடினமான பணிகளுக்கு டைட்டானியத்தில் தளத்தோடு பதியும் தலை கொண்ட போல்ட்டுகளைத் தயக்கமின்றித் தேர்ந்தெடுக்கலாம்" என்று எழுதியிருந்தார் கட்டுரையாளர். துருப்பிடிக்காது என்பது சரி. எடை பாதி என்பது ஏறக்குறைய சரி. எஃகைவிட வலிமை என்பது தவறு. அந்த 'எனவே' இருக்கிறதே, அது எல்லாவற்றையும்விடத் தவறு.

கடைகளில் கிடைக்கும் டைட்டானியம் போல்ட் பெரும்பாலும் கிரேடு 5. அதாவது 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் கலந்தது. சாதாரண நிலையில் அதன் இழுவிசை வலிமை சுமார் 900 மெகா பாஸ்கல். விமானத்துக்கென்று தனியாக வெப்பப் பதம் செய்தால் 1100 வரை வரும். நம் பட்டறைகளில் புழங்கும், 12.9 என்ற வலிமைத் தரமுள்ள எஃகு ஆலன் போல்ட்டுக்கு 1220. ஆகவே 12.9 போல்ட்டைக் கழற்றிவிட்டு அதே அளவில் டைட்டானியத்தை மாட்டுகிறவர் இணைப்பைப் பலவீனப்படுத்துகிறார். எடைக்கு எடை பார்த்தால்தான் டைட்டானியம் ஜெயிக்கும். ஒரு கன சென்டிமீட்டர் எஃகு 7.85 கிராம், டைட்டானியம் 4.43 கிராம். சாதாரண ஏ2-70 ஸ்டெயின்லெஸ் போல்ட்டுக்கு 700தான் என்பதால், அதற்குப் பதிலாகப் போட்டால் லாபம் உண்டு. எதற்குப் பதிலாக என்று கேட்காமல் 'வலிமையானது' என்று சொல்வது, யாரோடு ஒப்பிட்டு என்று சொல்லாமல் 'உயரமான பையன்' என்பது போல.

அடுத்தது தலை. தளத்தோடு தளமாகப் பதியும் இந்த வகையைப் பட்டறையில் சி.எஸ்.கே. என்போம், 'கவுண்டர்சங்க்' என்பதன் சுருக்கம். (என் பேரன் முதலில் கேட்டபோது கிரிக்கெட் அணி என்றுதான் நினைத்தான்.) கூம்புத் தலைக்குள் ஆலன் சாவிக்கான குழியையும் வெட்டிவிடுவதால், குழியின் அடிக்கும் கழுத்துக்கும் நடுவே மிஞ்சும் உலோகம் கொஞ்சம்தான். எந்த உலோகமானாலும் இந்தத் தலை மற்றத் தலைகளைவிடச் சற்றுப் பலவீனம். எஃகு போல்ட்டுகளுக்கான ஐ.எஸ்.ஓ. 898-1 தர நிர்ணயமே இதை ஒப்புக்கொள்கிறது. தலையின் வடிவத்தால் முழுச் சுமை தாங்காத போல்ட்டுகளில் வலிமைத் தர எண்ணுக்கு முன் ஒரு பூஜ்யம் சேர்த்து 08.8, 010.9 என்று பொறிக்கச் சொல்கிறது. அந்தப் பூஜ்யத்தைப் பார்த்துவிட்டு அச்சுப்பிழை என்று எண்ணிய பட்டதாரிப் பொறியாளர்களை நான் அறிவேன்.

அப்படியானால் சி.எஸ்.கே. எதற்கு? காற்றோ நீரோ இன்னொரு பாகமோ மேற்பரப்பை உரசிக்கொண்டு போகிற இடத்துக்கு. 1935-ல் அமெரிக்கத் தொழிலதிபரும் விமானியுமான ஹோவர்ட் ஹியூஸ் தம் எச்-1 விமானத்தின் உடலில் ரிவெட் தலைகளைத் தோலோடு தோலாகப் பதிக்கச் செய்தது காற்றின் இழுவையைக் குறைக்கத்தான். அந்த ஆண்டே அது மணிக்கு 567 கிலோமீட்டர் பறந்து தரைவழி விமானங்களுக்கான வேகச் சாதனை படைத்தது. என்னிடம் ஆலோசனை கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இந்தத் தேவையே இல்லை. பார்க்க அழகாக இருக்கிறது என்பதற்காகக் கேட்கிறார்கள். அவர்களிடம் உருளைத் தலை போட்டுக்கொள்ளுங்கள், பணமும் மிச்சம், பலமும் மிச்சம் என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன்.

உண்மையிலேயே தேவைப்படுகிறவர்களுக்காகத்தான் இந்தக் கடிதம். சென்ற ஆண்டு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். என் அக்கா மகன் இங்கே ஓசூரில் சிறு பட்டறை வைத்திருக்கிறான். ஆளில்லா விமானம் செய்யும் இளைஞர்கள் 3 மில்லிமீட்டர் கனமுள்ள கார்பன் இழைத் தகடுகளைக் கொண்டுவந்தார்கள். எம்5, அதாவது 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள டைட்டானியம் போல்ட்டுகளையும் அவர்களே வாங்கியிருந்தார்கள். பொருத்திய தகடுகளில் மூன்றில் போல்ட்டைச் சுற்றி மெல்லிய வெள்ளை வளையம். இறுக்கும்போது அப்பளம் நொறுங்குவது போலச் சத்தம் வந்ததாம். "மாமா, போல்ட் போலியாக இருக்குமோ?" என்று கேட்டான்.

போல்ட் அசல்தான். ஒரு போல்ட்டின் தலையில் விரல் நுனியால் பிரஷ்யன் நீலம் என்ற அடையாளச் சாயத்தை மெல்லிசாகத் தடவி, புதிய துளை ஒன்றில் வைத்து, கையால் அழுத்தி, கால் சுற்றுச் சுற்றி எடுத்தேன். தலை துளையில் சரியாக உட்கார்ந்தால் கூம்பின் பக்கம் முழுவதும் நீலம் தேய்ந்திருக்க வேண்டும். தேய்ந்திருந்தது தலையின் வெளி விளிம்பில், நூல் கனத்துக்கு ஒரே ஒரு வளையம். துளையைப் பார்த்தால் அதன் மேல் உதட்டில் மட்டும் அதே நூல் வளையம். மற்ற இடமெல்லாம் துளி நீலம் இல்லை. போல்ட்டின் தலைக் கோணம் 100 டிகிரி. விமான வரைபடம் ஒன்றைப் பார்த்துக் கடைந்து கொடுத்திருக்கிறார்கள். துளையை அகட்டியவர் கடையில் கிடைத்த 90 டிகிரி கவுண்டர்சிங்க் பிட்டைப் போட்டிருக்கிறார். பக்கத்துக்கு 5 டிகிரி வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இறுக்கிய விசை முழுவதும் அந்த நூல் வளையத்தின் மேல் இறங்கியது. அலுமினியமாக இருந்தால் கொஞ்சம் நசுங்கி இடம் கொடுத்திருக்கும். கார்பன் தகடு நசுங்காது, அடுக்கடுக்காகப் பிரியும். வெள்ளை வளையம் அதுதான்.

தலைகீழாக, 90 டிகிரி தலையை 100 டிகிரி துளையில் வைத்தால் இன்னும் மோசம். தலை மேலே துருத்திக்கொண்டு நிற்கும்; சுமை கழுத்தடியில் போய்க் குவியும். ஏற்கனவே பலவீனமான இடம் அது.

ஆகவே கிரேடு எது என்று கேட்பதற்கு முன்னால் கோணம் என்ன என்று கேட்க வேண்டும். மெட்ரிக் போல்ட்டுகளுக்குப் பொதுவாக 90. அமெரிக்க அங்குல அளவுகளுக்கு 82. விமானத் துறைக்கு 100. மெல்லிய தகடுகளுக்கு 120-ம் உண்டு. கடைக்காரரிடம் எல்லா பிட்டுகளும் ஒரே டப்பாவில்தான் கிடக்கும். கோணம் மாறுவது எதற்கு என்று கேட்டால், தகட்டின் கனத்துக்காக. 10 மில்லிமீட்டர் அகலத் தலையுள்ள எம்5 போல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 90 டிகிரி என்றால் கூம்பு 2.5 மில்லிமீட்டர் ஆழம் இறங்கும். 100 என்றால் 2.1. 120 என்றால் 1.4-ஐ ஒட்டி. கவுண்டர்சிங்க் எனும் இந்தக் கூம்புக் குழியின் ஆழம் தகட்டின் கனத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் பிரிவில் வாய்ப்பாடு போலச் சொல்லிக் கொடுத்த விதி. தாண்டினால் துளையின் அடி விளிம்பு கத்தி முனை போல மெலிந்து, அங்கிருந்துதான் விரிசல் கிளம்பும். 3 மில்லிமீட்டர் தகட்டுக்கு 2 மில்லிமீட்டர்தான் வரம்பு. அந்த இளைஞர்கள் 90-ஐயே சரியாகப் பொருத்தியிருந்தாலும் அடியில் அரை மில்லிமீட்டர்தான் மிஞ்சியிருக்கும். அந்தத் தகட்டுக்கு எம்5 என்பதே தவறான தேர்வு. கடைசியில் எம்4-க்கு இறங்கி எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டார்கள்.

கண்ணால் ஒப்பிட்டு போல்ட் எடுப்பதைப் பற்றிப் பேச்சு வந்தால் எங்கள் பயிற்சி வகுப்பில் 1990 ஜூன் 10-ஐச் சொல்வார்கள். பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினின் மாலகாவுக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தில், சுமார் 17,300 அடி உயரத்தில், விமானியின் முன்கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. தலைமை விமானி பாதி உடல் வெளியே இழுக்கப்பட்டுக் கிடக்க, சிப்பந்திகள் அவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். துணை விமானி சவுத்தாம்ப்டனில் தரையிறக்கினார். தலைமை விமானி பிழைத்தது அதிசயம். புறப்பாட்டுக்குச் சுமார் 27 மணி நேரம் முன்பு, இரவுப் பணியில் அந்தக் கண்ணாடியைப் புதிதாகப் பொருத்தியவர் பட்டியலைப் பார்க்காமல், கழற்றிய பழைய போல்ட்டோடு கண்ணால் ஒப்பிட்டுப் புதியவற்றை எடுத்திருந்தார். 90 போல்ட்டுகளில் 84-ன் விட்டம் 0.66 மில்லிமீட்டர் குறைவு. மீதி ஆறின் நீளம் குறைவு. அவையும் கூம்புத் தலை போல்ட்டுகள்தான். விட்டம் குறைந்த போல்ட்டின் தலை துளைக்குள் அதிகம் அமிழ்ந்து, சுற்றிலும் இடைவெளி விட்டு நிற்கும். அது யார் கவனத்துக்கும் வரவில்லை. டைட்டானியத்துக்கும் அந்த விபத்துக்கும் சம்பந்தம் இல்லை. துளைக்கும் தலைக்கும் உள்ள சம்பந்தத்துக்காகச் சொல்கிறேன்.

இனி, போல்ட் எதைத் தொட்டுக்கொண்டிருக்கப் போகிறது என்பது. கார்பன் தகட்டில் அலுமினிய போல்ட்டோ சாதாரண எஃகோ போட்டால் ஈரம் பட்டதும் போல்ட் அரிக்கத் தொடங்கும். டைட்டானியம் அங்கே சண்டை போடாமல் இருக்கும், அதற்காகவே விலை கொடுக்கலாம். ஆனால் அதையே அலுமினியத் தகட்டில் போட்டுக் கடற்காற்றில் வைத்தால் போல்ட் புதுமணப்பெண் போல மினுமினுக்கும், சுற்றியுள்ள அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். கவுண்டர்சிங்க் துளைக்குள் ஈரம் தேங்க இடம் இருப்பதால் அங்கேதான் முதலில் ஆரம்பிக்கும். துளையில் ஈரம் புகாமல் அடைக்கும் சீலன்ட் தடவி, அது காய்வதற்குள் போல்ட்டை இறக்க வேண்டும்.

காட்மியம் பூசிய நட்டோ வாஷரோ டைட்டானியத்தின் பக்கமே வரக் கூடாது. அமெரிக்கர்கள் 1960-களில் டைட்டானியத்தால் உளவு விமானங்களைக் கட்டியபோது போல்ட் தலைகள் தாமாகவே கழன்று விழுந்தன. தேடிப் பார்த்ததில், குற்றவாளி ஸ்பேனர்களின் மேல் இருந்த காட்மியப் பூச்சு. மருமகன் பட்டறையில் டைட்டானியத்துக்கென்று தனிப் பெட்டியில் சாவிகள் வைத்திருக்கிறோம். மூடியில் சிவப்புப் பெயின்டால் 'தொடாதே' என்று நானே எழுதினேன்.

மரையைப் பற்றி ஒரு வார்த்தை. டைட்டானியத்தின் மேல் டைட்டானியத்தை வறட்சியாகச் சுற்றினால் மரை பிடித்துக்கொள்ளும். பிறகு முன்னும் போகாது, பின்னும் வராது. அறுத்துத்தான் எடுக்க வேண்டும். மாலிப்டினம் டைசல்பைடு கலந்த மசகு தடவாமல் ஒரு போல்ட்டையும் ஏற்றாதீர்கள். எஃகுக்கான டார்க் அட்டவணையை, அதாவது எவ்வளவு முறுக்கி இறுக்க வேண்டும் என்ற அட்டவணையை, அப்படியே எடுத்து டைட்டானியத்துக்குப் போடுவதும் கூடாது. உராய்வும் வேறு, நீட்சியும் வேறு. அதே சுமையில் டைட்டானியம் எஃகைப் போல ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு நீளும். அதிர்வுள்ள இடத்தில் இந்த நீட்சி நன்மையும் கூட, இறுக்கம் எளிதில் தளராது.

சான்றிதழை நம்புவது பற்றி என் சொந்த அனுபவம். ஒரு விற்பனையாளர் கிரேடு 5 என்று சான்றிதழோடு கொடுத்த 200 போல்ட்டுகளைக் கடினத்தன்மை அளக்கும் ராக்வெல் கருவியில் வைத்தோம். கிரேடு 5 என்றால் சி அளவுகோலில் 30-க்கு மேல் காட்ட வேண்டும். முள் எழவே இல்லை. கலப்பில்லாத மென்மையான கிரேடு 2. காந்தம் இரண்டிலும் ஒட்டாது, நிறமும் எடையும் ஏறக்குறைய ஒன்றே. ஸ்டெயின்லெஸ்ஸை டைட்டானியம் என்று விற்றால் தராசே காட்டிக்கொடுத்துவிடும், இதைக் காட்டாது. வசதி இருந்தால் எக்ஸ்-கதிர் கைக்கருவியில் வனேடியம் இருக்கிறதா என்று பாருங்கள். கூடவே உருப்பெருக்கியில் மரையையும் பாருங்கள். உருட்டி எடுத்த மரையின் முகட்டில் மெல்லிய மடிப்புக் கோடு தெரியும். கடைசலில் வெட்டிய மரையில் உளியின் வரிகள் தெரியும். அடிக்கடி அதிர்கிற இடத்துக்கு உருட்டியது மட்டுமே.

நான் பிறந்தது மணவாளக்குறிச்சிக்குப் பக்கம். கோடையில் காலைச் சுடும் அந்தக் கறுப்பு மணல்தான் இல்மனைட், டைட்டானியத்தின் தாது. எங்கள் கடற்கரையிலிருந்து மணல் எவ்வளவோ காலமாகப் போய்க்கொண்டிருக்கிறது. அதிலிருந்து உலோகம் எடுக்கும் ஆலை கொல்லம் மாவட்டத்துச் சவறாவில் 2011-ல்தான் வந்தது, ஆண்டுக்கு 500 டன் திறனில். பக்கத்து வீட்டு மண்ணாக இருந்தும் இந்த உலோகத்தைப் பற்றி நம் தொழில் பக்கங்களில் இன்னும் நகைக்கடை விளம்பரம் போலவே எழுதுகிறார்களே என்ற ஆதங்கமும் இந்தக் கடிதத்துக்கு ஒரு காரணம்.

ஓசூர், கோவை, சேலம், திருச்சி என்று பாதுகாப்புத் தளவாட வேலைகள் சிறு பட்டறைகளைத் தேடி வரும் காலம் இது. வருகிற ஆர்டர்களைப் பார்க்கிறேன்: 'டைட்டானியம் சி.எஸ்.கே., எம்5 x 16, 200 எண்ணம்.' அவ்வளவுதான். கோணம் இல்லை, தலை அகலம் இல்லை, மரை உருட்டியதா வெட்டியதா என்பதும் இல்லை. மருமகன் இப்போது இந்த விவரங்கள் இல்லாத ஆர்டரைத் திருப்பி அனுப்பிவிடுகிறான். இரண்டு வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொண்டு போனார்கள். ஒருவர் திரும்பி வந்துவிட்டார்.

கட்டுரையின் 'எஃகைவிட வலிமையானது' என்ற வரிக்குத் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். வெளியிடும்போது படத்தையும் மாற்றிவிடுங்கள். அதில் இருப்பது சி.எஸ்.கே. அல்ல, குமிழ்த் தலை போல்ட்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தரப் பரிசோதகர்,
ஓசூர்.