சிக்னல் இருக்குது, நெட்தான் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காங்கேயம் பக்கத்தில் எங்கள் ஊரில் போனை எடுத்துப் பார்த்தால் சிக்னல் கோடு முழுசாக நிற்கிறது, நெட் மட்டும் நகராது. சாயங்காலம் ஆனால் சுத்தம். பேக்கரியில் டீ குடித்துவிட்டு ஸ்கேன் பண்ணினால் நம் கணக்கில் காசு போயிருக்கும், கடைக்காரரின் பெட்டி வாயைத் திறக்காது. "சத்தம் வரலைங்க, சித்த இருங்க" என்பார், ஆறு ரூபாய் பன்னுக்குக்கூட.

ரேஷன் கடையில் இன்னும் மோசம். கைரேகை மெஷினைத் தூக்கிக்கொண்டு விற்பனையாளர் வாசல் வேப்பமரத்தடிக்கு வந்து நிற்பார், ஆத்தாக்கள் விரலை முந்தானையில் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்ப்பார்கள், கடைசியில் "நாளைக்கு வாங்க". காட்டு வேலையை விட்டுவிட்டு வந்தவருக்கு அது இன்னொரு நாள் கூலி.

கஸ்டமர் கேருக்குப் பேசினால் போனை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்கிறார்கள், வீட்டுக்கு வெளியே வந்து பார்க்கச் சொல்கிறார்கள். தென்னந்தோப்புக்கு நடுவில் நிற்பவன் இதற்கு மேல் எந்த வெளியே போவது? அப்புறம் ஒன்றும் சரியாகாமலே 'புகார் தீர்க்கப்பட்டது' என்று மெசேஜ் வரும், அது மட்டும் உடனே வந்துவிடும்! சலித்துப்போய் ஆளாளுக்கு இரண்டு சிம் வைத்து இரண்டு கம்பெனிக்கும் மொய் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

தொலைத்தொடர்பு கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் ஆணையமான டிராய் 2024-ல் கொண்டுவந்த சேவைத் தர விதிகளின்படி, ஒரு மாவட்டத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் நெட்வொர்க் முடங்கினால் போஸ்ட்பெய்டுக்கு வாடகையில் கழிவு, ப்ரீபெய்டுக்குக் கூடுதல் நாட்கள் தர வேண்டும். சரி, நல்லது. ஆனால் எங்களுக்கு நெட்வொர்க் முடங்குவதே இல்லையே, தவழ்கிறது. தவழ்வதற்கு நஷ்டஈடு கிடையாது. பேசிக்கொண்டிருக்கும்போதே கட்டாகும் கால் டிராப்புக்கு வாடிக்கையாளருக்கு ஒரு ரூபாய் தர வேண்டும் என்று டிராய் 2015-ல் போட்ட உத்தரவையும் கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போக, 2016-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. சொசைட்டியில் பால் ஊற்றினால் கொழுப்பு பார்த்துத்தான் எங்களுக்குக் காசு, தண்ணியாக இருந்தால் விலை குறையும். நெட்டுக்கு மட்டும் முழுக் காசையும் முன்னாலேயே வாங்கிக்கொள்கிறார்கள்.

எந்த ஊரில் நெட்வொர்க் உண்டு என்று கம்பெனிகள் வரைபடம் வெளியிட வேண்டும் என்பதும் விதியில் இருக்கிறது. அதோடு ஊர்வாரியாகச் சாயங்கால வேகத்தையும் போடச் சொல்லட்டும், சொன்ன வேகம் வராத மாதத்துக்கு ரீசார்ஜில் கழிக்கட்டும். அதுவரை வாசகர்கள் போனைத் திட்டிவிட்டு விட்டுவிடாமல் புகார் எண்ணை வாங்கி வையுங்கள். பதில் திருப்தியில்லை என்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம், அதற்குக் கட்டணம் இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காங்கேயம் வட்டம்