புகை பார்க்கும் இடத்தில் ஹெட்லைட்டையும் பாருங்கள்: ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு போக்குவரத்துத் துறை அதிகாரிகளுக்கும் சென்னைப் போக்குவரத்துக் காவல் அதிகாரிகளுக்கும் வணக்கம். வண்டிகளுக்குப் புகைப் பரிசோதனை செய்யும் நிலையங்களில் ஹெட்லைட்டின் கோணத்தையும் பார்க்கச் சொல்லுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நான் மேடவாக்கத்தில் குடியிருக்கிறேன். வேலை ஓ.எம்.ஆர்.-இல். இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் கிளம்புவேன், துரைப்பாக்கத்தில் திரும்பி ரேடியல் சாலையில் சதுப்பு நிலத்தைத் தாண்டி, பள்ளிக்கரணை வந்து வீடு சேர வேண்டும். பல வருடமாக இதே பாதைதான், எந்த இடத்தில் பள்ளம், எந்த இடத்தில் தண்ணீர் நிற்கும் என்று எனக்கு மனப்பாடம். அப்படியிருந்தும் போன ஐப்பசியில் ஒரு மழை இரவில் அந்தச் சாலையில் ஒரு மனிதரை அடித்துக் கொல்ல இருந்தேன்.

வேகம் அதிகமில்லை, ஐம்பதுக்குள்தான். சாரலாக ஆரம்பித்துக் கொட்ட ஆரம்பித்துவிட்டது. எதிர்ப்பக்கம் ஒரு உயரமான வண்டி, நீலம் கலந்த வெள்ளை விளக்கு, அதுவும் ஹை பீமில். மழைத் துளி ஒவ்வொன்றும் என் கண்ணாடியில் நட்சத்திரம் மாதிரி வெடித்தது, அதற்குப் பின்னால் சாலையே இல்லை. இரண்டு மூன்று விநாடிதான் இருக்கும். அந்த வண்டி கடந்து போனதும் நேர் முன்னால் கறுப்பு ரெயின்கோட் போட்ட ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நிற்கிறார். பிரேக் பெடல் காலுக்குக் கீழே தடதடவென்று அதிர்ந்தது, கார் நின்றபோது அவருக்கும் பம்பருக்கும் ஒரு முழம்கூட இல்லை. அவர் திட்டவில்லை. "பாத்துப் போப்பா" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை, ஏனென்றால் நான் பார்த்துத்தான் வந்துகொண்டிருந்தேன், பார்க்க எதுவும் தெரியவில்லை.

50 கி.மீ. வேகத்தில் ஒரு விநாடிக்குக் கார் கிட்டத்தட்ட 14 மீட்டர் ஓடிவிடுகிறது. மூன்று விநாடி என்றால் 42 மீட்டர். மூன்று மாநகரப் பேருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் வரும் நீளத்துக்கும் மேலே. அவ்வளவு தூரம் நான் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியிருக்கிறேன்.

அதற்கு அடுத்த வாரம் நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். என் காரில் இருந்த மஞ்சள் ஹாலஜன் பல்பு போதவில்லை, அதனால்தான் அந்த மனிதர் தெரியவில்லை என்று நினைத்து, ஒரு கார் ஆக்சஸரீஸ் கடையில் வெள்ளை எல்.ஈ.டி. பல்பு ஒரு ஜோடி வாங்கி மாட்டினேன். "சார், பகல் மாதிரி இருக்கும்" என்றார்கள். மழையில்லாத இரவில் அப்படித்தான் இருந்தது, சந்தோஷப்பட்டேன். ஆனால் அடுத்த மழையில் முன்பைவிட மோசம். பானெட்டுக்கு முன்னால் வெள்ளைத் துணியைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி மழை மட்டும் பளிச்சென்று தெரிகிறது, சாலை தார்க்கறுப்பாகக் கிடக்கிறது, எதிரே வருகிறவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்து டிம்-டிப் அடிக்கிறார்கள். நான் லோ பீமில்தான் இருந்தேன். அந்த ரேடியல் சாலை வண்டிக்காரர் எனக்குச் செய்ததை நான் இப்போது ஊருக்கே செய்துகொண்டிருந்தேன்.

எங்கள் தெருமுனையில் ஒரு வயதான எலக்ட்ரீஷியன் இருக்கிறார், கார் வயரிங் மட்டும் பார்ப்பவர். அவர் பழைய ஹாலஜன் பல்பைக் கையில் வைத்துக் காட்டினார். எச்-4 என்று சொல்வார்கள், நம் ஊரில் நிறைய கார்களில் இருப்பது, 60/55 வாட். உள்ளே இரண்டு இழை. லோ பீம் இழைக்கு அடியில் சின்னக் கரண்டி மாதிரி ஒரு தகடு இருக்கிறது. அந்தத் தகடுதான் வெளிச்சம் கீழ்ப்பக்கப் பிரதிபலிப்பானில் பட்டு மேலே எகிறாமல் தடுக்கிறது, மேல்பாதியில் படுவது மட்டும் சாலையை நோக்கி இறங்குகிறது. மொத்த ஹெட்லைட்டும் அந்த இழை இருக்கும் இடத்தைக் கணக்குப் போட்டுச் செய்தது. அதே குடுவைக்குள் எல்.ஈ.டி. சில்லை (சிப்) வைத்தால் ஒளி பிறக்கும் இடமும் அளவும் கொஞ்சம் மாறினாலும் போதும், கணக்கு குலைந்து வெளிச்சம் நாலா பக்கமும் சிதறுகிறது. கம்பெனியிலிருந்தே எல்.ஈ.டி.யோடு வரும் ஹெட்லைட்டை நான் சொல்லவில்லை. அது அதற்கென்றே வடிவமைத்தது, சரியான கோணத்தில் இருந்தால் பிரச்சினை இல்லை. ஹாலஜனுக்கான கிண்ணத்தில் எல்.ஈ.டி.யைச் செருகுவதைத்தான் சொல்கிறேன், அப்புறம் 100/90 வாட் பல்பு போடுவதையும்.

மழையில் இது ஏன் இத்தனை ஆபத்து என்பது எனக்கும் அப்போதுதான் புரிந்தது. காய்ந்த தார் சொரசொரப்பானது. நம் விளக்கு அதில் பட்டால் எல்லாப் பக்கமும் தெறிக்கும், அதில் ஒரு பங்கு நம் கண்ணுக்கே திரும்பி வரும், அதனால்தான் சாலை தெரிகிறது. அதன்மேல் தண்ணீர் நின்றால் அது கண்ணாடி. நம் வெளிச்சம் பட்டு முன்பக்கமாகவே வழுக்கிக்கொண்டு போய்விடும், போய் எதிரே வருகிறவர் கண்ணில் ஏறும். ஆக நமக்குச் சாலை இருட்டாகிறது, எதிரில் இருப்பவருக்கு நம் விளக்கு ஒன்றுக்கு இரண்டாகிறது, கீழே தரையில் ஒன்று, மேலே ஒன்று. இதற்கு மேல் விளக்கு தூக்கலாக இருந்துவிட்டால் காற்றில் இருக்கும் துளிகளில் பட்டு அது நம் பக்கமே திரும்பும், அதுதான் அந்த வெள்ளைத் துணி. இருட்டாக இருக்கிறதே என்று ஹை பீம் போடப் போட இன்னும் தெரியாமல் போவது இதனால்தான். பனிமூட்ட விளக்கைப் பம்பருக்குக் கீழே வைத்திருப்பதும் இதற்காகத்தான், ஒளி கண்ணின் மட்டத்துக்குக் கீழேயே அகலமாகப் பரவிப் போகட்டும் என்று.

மஞ்சள் விளக்கு மழையைத் துளைக்கும் என்று பலர் சொல்வார்கள். துளைக்காது. மழைத்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது, எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். பிரான்சில் பல ஆண்டுகள் மஞ்சள் ஹெட்லைட்தான் கட்டாயமாக இருந்தது, 1993-இல் அதையும் விட்டுவிட்டார்கள். நீலம் தூக்கலான வெளிச்சம் எதிரே வருகிறவர் கண்ணை அதிகமாக உறுத்துகிறது என்பது வேறு விஷயம், அது உண்மை. ஆனால் அடிப்படைச் சிக்கல் நிறத்தில் இல்லை. வெளிச்சம் எந்தத் திசையில் போகிறது என்பதில் இருக்கிறது.

ஒரே ஒரு டிகிரி. பெரும்பாலான கார்களில் லோ பீம் 100-க்கு 1 என்ற அளவில் கீழே சரிந்திருக்க வேண்டும், அதாவது 10 மீட்டருக்கு 10 செ.மீ. விளக்கின் உயரம் 70 செ.மீ. என்றால் 50 மீட்டர் தள்ளி அந்த ஒளியின் மேல்விளிம்பு 20 செ.மீ. உயரத்தில் இருக்கும், எதிர் வண்டியின் பம்பருக்கும் கீழே. அதே விளக்கு ஒரு டிகிரி தூக்கிக்கொண்டால் அதே இடத்தில் 107 செ.மீ., கிட்டத்தட்ட ஒரு சின்னக் காரின் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் கண்ணுக்கு நேராக. ஒரு டிகிரி மாறுவதற்குப் பெரிய விபத்தெல்லாம் வேண்டாம். பம்பரில் ஒரு இடி, பல்பு மாற்றும்போது சரியாக உட்காராமல் விட்டது, டிக்கி நிறைய அரிசி மூட்டையோடு ஊரிலிருந்து திரும்புவது, இதில் ஏதோ ஒன்று போதும். ஸ்டீயரிங் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று ஒரு திருகு சக்கரம் நிறைய கார்களில் இருக்கிறது, பின்னால் பாரம் ஏறினால் விளக்கைத் தாழ்த்துவதற்கு. எனக்கே ஒன்பது வருடம் கழித்துத்தான் அது எதற்கு என்று தெரிந்தது. யாரும் சொல்லித் தரவில்லை, லைசென்ஸ் எடுக்கும்போதும் யாரும் கேட்கவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை, அது உங்களுக்கு நன்றாகத் தெரியும். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஆவது விதி இதற்காகவே இருக்கிறது: முன்விளக்கின் ஒளி நிரந்தரமாகக் கீழ்நோக்கித் திருப்பப்பட்டிருக்க வேண்டும், அல்லது ஓட்டுநர் கீழ்நோக்கித் திருப்பக்கூடியதாக இருக்க வேண்டும், அப்போது 8 மீட்டர் தூரத்தில் 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூச வைக்கக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது, 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. எல்லாம் இருக்கிறது. யார் பார்க்கிறார்கள், எங்கே பார்க்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

லாரிக்கும் டாக்சிக்கும் எஃப்.சி. என்ற தகுதிச் சான்றிதழ் சோதனை உண்டு, ஏதோ ஒரு முறை விளக்கைப் பார்ப்பார்கள். சொந்தக் காருக்கு? புதிதாகப் பதிவு செய்தால் 15 வருடத்துக்கு அது எந்த அதிகாரியின் முன்னாலும் நிற்க வேண்டியதில்லை. 15 வருடத்தில் எத்தனை பல்பு மாறும், எத்தனை பம்பர் மாறும்! பிரிட்டனில் கார் மூன்று வயதைத் தாண்டிவிட்டால் வருடா வருடம் சோதனை, அதில் ஹெட்லைட் எந்த உயரத்தில் அடிக்கிறது என்பதையும் அளக்கிறார்கள். நமக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு உடனே வராது, புரிகிறது.

ஆனால் ஒரு இடம் ஏற்கெனவே இருக்கிறது. புகைப் பரிசோதனை. இப்போது ஓடும் பெரும்பாலான கார்களும் பைக்குகளும் வருடத்துக்கு ஒரு தடவையாவது அங்கே போய் நின்றாக வேண்டும். நான் கேட்பது இதுதான்: அங்கே ஒரு சுவரில் கோடு போடச் சொல்லுங்கள். வண்டியை 8 மீட்டர் தள்ளிச் சமதரையில் நிறுத்தி லோ பீமைப் போட்டால், விளக்கின் உயரத்தைவிட ஒளியின் விளிம்பு நாலு விரற்கடை தாழ்ந்திருக்கிறதா, விளிம்பு கத்தி வெட்டு மாதிரி இருக்கிறதா, இல்லை மேலே எல்லாம் சிதறிக் கிடக்கிறதா என்று யாருமே பார்த்துச் சொல்லிவிடலாம். சுண்ணாம்பும் ஒரு அளவுநாடாவும் போதும், பகலில் வெயில் அடித்தால் ஒரு தார்பாய். திருத்துவதற்கு ஹெட்லைட்டுக்குப் பின்னால் ஒரு திருகாணி, பல வண்டிகளில் ஐந்து நிமிட வேலை. இடம் இல்லாத நிலையங்களுக்கு, குறிப்பாகப் புகைப் பரிசோதனைக் கருவியை வேனில் வைத்து நடத்துபவர்களுக்கு, இது சிரமம்தான், மறுக்கவில்லை. அவர்களுக்கு முதல் வருடம் விலக்குக் கொடுங்கள், பெட்ரோல் பங்க்கில் இடத்தோடு இருப்பவர்களிடம் ஆரம்பியுங்கள். முதல் தடவை தப்பாக இருந்தால் அபராதம் வேண்டாம், திருத்திக்கொண்டு வரச் சொன்னால் போதும். என்னைப் போலத் தெரியாமல் செய்தவர்கள்தான் அதிகம் இருப்பார்கள்.

பைக்குகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2017 ஏப்ரல் முதல் வந்த புது இருசக்கர வாகனங்களில் ஹெட்லைட்டை அணைக்கவே முடியாது, எந்நேரமும் எரியும். பின்னால் ஒருவர் உட்கார்ந்தால் முன்பக்கம் தூக்கும், விளக்கும் தூக்கும்.

முன்பு நம் ஊரில் ஹெட்லைட்டின் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், காவலர்களே சிக்னலில் நிறுத்தி ஒட்டிவிட்டதைப் பார்த்திருக்கிறேன். இன்றைய விளக்குகளுக்கு அது சரிவராது, ஒளி வேறு மாதிரி போகிறது. ஆனால் அந்த அக்கறை சரியானது. எதிரே வருகிறவரின் கண் உன் பொறுப்பு என்று ஒரு காவலர் நடுச்சாலையில் நின்று சொன்னது அது. ஹெல்மெட்டுக்கு இவ்வளவு பிடிவாதமாக நின்று ஜெயித்தீர்கள், அதில் பாதியாவது இதற்கு.

காலம் முக்கியம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது, செப்டம்பருக்குள் இதைச் செய்தால் பயன் உண்டு, மழை ஆரம்பித்த பிறகு யாரும் விளக்கைத் திருத்த வர மாட்டார்கள். மழை முடிந்தால் போகி. அன்று விடியற்காலை பழையதைக் கொளுத்திய புகையும் மார்கழிப் பனியும் சேர்ந்து விமானமே இறங்க முடியாமல் போன வருடங்கள் உண்டு, அதே நேரத்தில்தான் பொங்கலுக்கு ஊருக்குப் போகும் கூட்டம் ஜி.எஸ்.டி. சாலையில் வரிசை கட்டும். அன்றைக்கு ஹை பீம் போட்டால் முன்னால் சுண்ணாம்புச் சுவர்தான். சாலையோர மின்பலகைகளில் அந்த ஒரு வாரம் "புகைமூட்டம், லோ பீம் மட்டும்" என்று ஓடவிடுங்கள். கூடவே, ஓடும் வண்டியில் நாலு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு போகாதீர்கள் என்றும் ஒரு வரி. மழை வந்தாலே அதைப் போட்டுவிடுகிறார்கள், முன்னால் இருப்பவர் இடது பக்கம் திரும்பப் போகிறாரா, நிற்கப் போகிறாரா, ஒன்றுமே தெரிவதில்லை.

என் அப்பாவுக்கு 68 வயது. கண்புரை ஆரம்பித்த பிறகு எதிரே விளக்கு வந்தால் எல்லாம் பரவித் தெரிகிறது, பார்வை திரும்பி வர நேரமாகிறது என்று இரவில் ஓட்டுவதையே விட்டுவிட்டார். நாற்பது வருடம் ஓட்டியவர். ஆனால் மருந்துக் கடைக்கு நடந்து போக வேண்டியிருக்கிறதே, அதுவும் மழையில், நடைபாதை இல்லாத சாலையின் ஓரமாக. கறுப்புக் குடையோடு அவர் போகும்போது எனக்கு அந்தச் சைக்கிள்காரர் ஞாபகம் வருகிறது.

நான் எல்.ஈ.டி.யைக் கழற்றிப் பழைய பல்பையே போட்டுவிட்டேன். வைப்பர் ரப்பரை மாற்றினேன், கண்ணாடியின் உள்பக்கத்தில் படிந்திருந்த எண்ணெய்ப் படலத்தைத் துடைத்தேன், அதில் பாதிக் கூச்சம் குறைந்தது. எங்கள் குடியிருப்பின் பார்க்கிங் சுவரில் எட்டு மீட்டர் அளந்து கோடு போட்டிருக்கிறோம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக வண்டியைக் கொண்டுவந்து பார்க்கிறார்கள். முதல் நாள் வந்த பதினொரு கார்களில் நான்கு தூக்கலாக இருந்தன. உங்களில் யாராவது ஒருவர் வந்து பார்த்தால், ஒரு காருக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைக் கையில் கடிகாரத்தோடு காட்டத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
மேடவாக்கத்திலிருந்து கார் ஓட்டும் ஒருவன்