ஒலிப்பெட்டி வாய்திறக்காத நாள்

கும்பகோணம்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். கைப்பேசி வழியாகப் பணம் செலுத்துவதை நம்பலாமா என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். நான்கு ஆண்டுகளாகக் காய்கறி முதல் மின்கட்டணம் வரை யுபிஐ வழியாகவே கட்டி வருகிறேன். வசதியில் எனக்கு ஒரு குறையும் இல்லை, நம்பிக்கையில்தான் இன்னும் சிறிது குறை இருக்கிறது.

சென்ற மாதம் மருந்துக்கடையில் 1,840 ரூபாய்க்கு மருந்து வாங்கி, க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போட்டேன். கணக்கிலிருந்து பணம் கழிந்ததாக வங்கியின் குறுஞ்செய்தி வந்துவிட்டது. பணம் வந்ததும் உரக்கச் சொல்லும், கல்லாவின் மேலிருந்த ஒலிப்பெட்டியோ வாய்திறக்கவில்லை. குறுஞ்செய்தியைக் காட்டினேன், கடைக்காரர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. போலி ரசீதைத் திரையில் காட்டிவிட்டுப் போகிறவர்கள் பெருகிய பிறகு, அந்தப் பெட்டி சொன்னால்தான் வியாபாரிக்குப் பணம் வந்த மாதிரி. அவரைக் குறைசொல்ல முடியாது. கடைசியில், "நாளைக்குக் கொடுங்க சார்" என்று பையை நீட்டினார். பதினைந்து ஆண்டுப் பழக்கம் கைகொடுத்தது. வெளியூர்க் கடையாக இருந்திருந்தால் மருந்தை வைத்துவிட்டு வெறுங்கையோடுதான் திரும்பியிருப்பேன்.

கடைக்குச் செலுத்திய பணம் இப்படி நடுவழியில் நின்றுவிட்டால் ஐந்து நாட்களுக்குள்ளும், தனிநபருக்கு அனுப்பியதாயின் மறுநாளுக்குள்ளும் தானாகத் திரும்ப வேண்டும் என்றும், தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீட்டை வாடிக்கையாளர் கேளாமலே தர வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரிலேயே விதித்திருக்கிறது. எனக்கு மூன்றாம் நாள் பணம் வந்துவிட்டது. ஆனால் வங்கிக் கிளையில் இவ்விதியை ஒருவரும் சொல்லவில்லை. "வந்துரும், வெயிட் பண்ணுங்க" என்பதோடு சரி. அந்த ஒரு வரி தெரிந்திருந்தால் இரண்டு இரவு தூக்கம் கெட்டிருக்காது.

நீங்கள் தொடங்குவதானால், ஓய்வூதியக் கணக்கை இணைக்காமல், சிறுதொகை மட்டும் வைத்த வேறொரு கணக்கை இணையுங்கள். பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. "பணம் போடுகிறேன், எண்ணை அழுத்துங்கள்" என்று எவரேனும் அழைத்தால் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே இணையவழி மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930க்கு அழையுங்கள். பேரனைக் கொண்டு செயலியை அமைத்துக்கொள்ளலாம், ரகசிய எண்ணை மட்டும் அவன் அப்பால் போனபின் நீங்களே இடுங்கள்.

முதலில் எனக்கே ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். வந்ததும் தொலைபேசியில் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய அறைத்தோழன்