தேக்காவுக்கு ஒரு பாஸ்

சிங்கப்பூர்
4 ஜூலை 2022

அன்புள்ள ராஜேந்திரா,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சியும் பிள்ளைகளும் நலம் என்று அறிந்து சந்தோஷம். இந்த வருஷம் மேட்டூரை மே மாதமே திறந்துவிட்டார்கள் என்று பேப்பரில் பார்த்தேன். உன் பங்குக்குக் குறுவை நட்டு முடித்துவிட்டாய் என்பது உன் கடிதத்தில்தான் தெரிந்தது. இங்கே எல்லோரும் நலம். மகள் நேரில் பள்ளிக்கூடம் போகிறாள், மனைவிக்குத்தான் முழங்கால் வலி விட்டபாடில்லை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். "கொரோனா சமயத்துல உங்க அரசாங்கம் சொன்னதை எல்லாம் நிஜமாகவே நம்பினீங்களா, இல்லை அபராதத்துக்குப் பயந்து கேட்டுக்கிட்டீங்களா?" என்று எழுதியிருக்கிறாய். குசும்புதான், ஆனாலும் நியாயமான கேள்வி. கோயிலைப் பூட்டிவிட்டு 2020 மே 7 அன்று டாஸ்மாக்கைத் திறந்ததையும், சென்னைக் கணக்கில் விட்டுப்போன 444 சாவுகளை ஜூலையில் ஒரே நாளில் சேர்த்ததையும் பார்த்தவன் நீ. அப்படித்தான் கேட்பாய்.

இங்கேயும் முதலில் தடுமாற்றம்தான். 2020 பிப்ரவரி 7 அன்று எச்சரிக்கை நிலையை ஆரஞ்சுக்கு உயர்த்தியதும் சாயங்காலமே கடைகளில் அரிசியும் மீ (நூடுல்ஸ்) பாக்கெட்டும் கழிவறைக் காகிதமும் காலி. மறுநாள் பிரதமர் லீ டிவியில் பேசிய பிறகுதான் கூட்டம் அடங்கியது. அப்போது உடம்பு நன்றாக இருப்பவருக்கு முகக்கவசம் தேவையில்லை என்றார்கள். வீட்டுக்கு நான்கு என்று கொடுத்ததைக்கூட அவசரத்துக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஏப்ரல் நடுவில் அதே முகக்கவசம் கட்டாயமாகி, போடாவிட்டால் 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம் என்று வந்தது. நோய் இல்லாதவர் போலத் தெரிகிறவரிடமிருந்தும் பரவுகிறது என்று காரணம் சொன்னார்கள். அடுத்தடுத்த மாதங்களிலும் அதே அமைச்சர்கள்தான் டிவியில் உட்கார்ந்து, எத்தனை பேருக்கு வந்தது, ஐசியுவில் எத்தனை பேர் என்று ஒப்பித்தார்கள். சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் நாளைக்கு விதியை மாற்றினாலும் எதற்கென்று சொல்லிவிட்டு மாற்றுவார்கள் என்று தோன்றிவிட்டது. எங்கள் அடுக்குமாடியில் பலருக்கும் அப்படித்தான்.

சில விதிகள் சிரிப்பை வரவழைத்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2020 கடைசியில் எட்டுப் பேர் சேரலாம். 2021 மே மாதம் இரண்டு பேர், ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. ஜூனில் இரண்டு பேர் உட்காரலாம். ஜூலையில் ஐந்து, அதே ஜூலையில் மறுபடியும் கூடாது. ஆகஸ்டில் ஊசி போட்டவர்கள் ஐந்து பேர், செப்டம்பரில் திரும்ப இரண்டு. நடுவில் ஓட்டலில் பாட்டுப் போடவும் தடை, சத்தம் இருந்தால் உரக்கப் பேசுவோம், எச்சில் தெறிக்கும் என்று. கிருமியோடு வாழப் பழகுவோம் என்று மூன்று அமைச்சர்கள் சேர்ந்து பத்திரிகையில் கட்டுரை எழுதியது ஜூன் கடைசியில். ஒரு மாதத்துக்குள் மீன்பிடித் துறைமுகத்திலும் கரவோக்கே கூடங்களிலும் பரவி, மறுபடியும் கட்டுப்பாடுகளை இறுக்கினார்கள். அப்போதுதான் என் மனைவியே, "இவங்களுக்கே தெரியலையா?" என்று கேட்டாள்.

நம்பிக்கைக்கு உண்மையிலேயே அடி விழுந்தது டிரேஸ்டுகெதர் விஷயத்தில்தான். யார் யாருக்குப் பக்கத்தில் இருந்தோம் என்று குறித்துவைக்கும் செயலி அது. கைபேசி இல்லாதவர்களுக்கு ஒரு சின்ன வில்லை கொடுத்தார்கள். தொற்றுத் தடம் பிடிக்க மட்டும்தான் என்று 2020-இல் அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் உறுதி சொன்னார். 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் கேட்டபோது, குற்ற விசாரணைக்குக் காவல்துறையும் அந்தத் தகவலை வாங்கலாம், சட்டத்தில் இடம் இருக்கிறது என்று பதில் வந்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டம் அப்போது தன் மனதில் இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். அடுத்த மாதமே, கொலை மாதிரியான ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டம் போட்டு வரம்பு கட்டினார்கள். கேட்கப்போய்த் தெரிந்ததா, இல்லாவிட்டால் சொல்லியே இருக்கமாட்டார்களா என்ற நெருடல் எனக்கு இன்னும் உண்டு. ஆனாலும் வில்லையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் கடைக்குப் போனேன். அது இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். இதை நம்பிக்கைக் கணக்கில் எழுதுவதா பயக் கணக்கில் எழுதுவதா, நீயே சொல்.

இதுவரை எழுதியது வீட்டில் இருக்கிறவன் கதை. உன் மச்சான் மகன் செல்வத்திடம் கேட்டால் வேறு மாதிரி சொல்வான்.

அவன் மாதிரி வெளிநாட்டு ஊழியர்கள் தங்கும் விடுதிகளில் ஓர் அறைக்குப் பன்னிரண்டு பேர், சிலவற்றில் இருபது பேர்வரை. 2020 ஏப்ரலில் அங்கே தீயாய்ப் பரவியது. விடுதிக் கதவுகள் அடைபட்டன. அந்த வருஷ டிசம்பரில் அரசே வெளியிட்ட கணக்குப்படி, விடுதிவாசிகளில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்துபோயிருந்தது. பெரும்பாலும் இளவயதுக்காரர்கள், வைத்தியமும் உடனே கிடைத்ததால் சாவு மிகக் குறைவு. சம்பளத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஏற்பாடு செய்தார்கள். அதை மறைக்கக் கூடாது. ஆனால் ஊழியர்களிடம் மன்னிப்புக் கேட்பீர்களா என்று நாடாளுமன்றத்தில் கேள்வி வந்தபோது, அப்படிக் கேட்ட ஊழியர் ஒருவரையும் தான் சந்திக்கவில்லை என்று மனிதவள அமைச்சர் சொன்னார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. கேட்கும் இடத்தில் அவர்கள் எப்போது இருந்தார்கள்?

நான் வேலை செய்யும் பணம் அனுப்பும் கடை உனக்குத் தெரியுமே. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், வரிசை கடைகளுக்கு முன்னால் உள்ள ஐந்தடிப் பாதையில் வளைந்து பக்கத்துக் காய்கறிக் கடைவரை போகும். அந்த வரிசை ஒன்றரை வருஷம் இல்லாமலே போனது. 2021 செப்டம்பரில் சோதனை முயற்சியாக வாரத்துக்கு 500 ஊழியர்களை மட்டும் லிட்டில் இந்தியா போன்ற இடங்களுக்கு வெளியே விட்டார்கள். அதுவும் ஊசி போட்டு, கிளம்புமுன் பரிசோதனையும் செய்துகொண்டவர்களை. அப்படி வந்த புதுக்கோட்டைப் பையன் ஒருவன் எங்கள் கடைக் கவுண்டருக்கு வந்தான். பணம் எல்லாம் கைபேசியிலேயே அனுப்பிவிடுகிறானாம். "சும்மா ரேட் பார்க்க வந்தேண்ணே" என்று பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மணியைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டான். குறித்த நேரத்துக்குள் திரும்பாவிட்டால் அடுத்த முறை கிடைக்காது என்று பயம்.

இப்போது ஊரே திறந்துவிட்டது. மார்ச் கடைசியில் வெளியே முகக்கவசம் வேண்டாம் என்றார்கள். ஏப்ரல் 26 முதல் கூட்டத்துக்கு எண்ணிக்கை இல்லை, கடை வாசலில் வில்லையைக் காட்டும் வேலையும் பெரும்பாலும் போயிற்று. ஊசி போட்டவர்கள் தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேலே. அரசாங்கம் எங்களிடம், இனி உங்கள் பொறுப்பு, பார்த்து நடந்துகொள்ளுங்கள் என்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

செல்வத்துக்கு என்ன தெரியுமா? போன மாதம் 24-ஆம் தேதியிலிருந்து வெளியே போக அனுமதிச் சீட்டு வேண்டாம் என்றார்கள். ஆனால் ஞாயிறும் பொது விடுமுறையும் என்றால், லிட்டில் இந்தியா, சைனாடவுன், கேலாங் சிராய், ஜூரோங் ஈஸ்ட் நான்கு இடத்துக்கும் பாஸ் எடுக்க வேண்டும். கூட்டத்தைக் கட்டுப்படுத்தவாம். அவன் சும்மா இருக்கும் நாள் ஞாயிறுதான், அவன் போக ஆசைப்படும் இடமும் அங்கேதான். அதே தேக்காவில் என் மகள் எந்தப் பாஸும் இல்லாமல் ஐஸ்க்ரீம் தின்றுகொண்டு நடக்கிறாள். கிருமிக்கு இந்த வித்தியாசம் தெரியுமா? 2013-இல் அங்கே நடந்த கலவரத்துக்குப் பிறகு தேக்காவில் வார இறுதி மதுக் கட்டுப்பாடு வந்ததே, அது இன்னும் இருக்கிறது. இந்தப் பாஸும் அப்படியே ஒட்டிக்கொண்டுவிடுமோ என்பதுதான் என் கவலை.

உங்கள் ஊர் இ-பாஸை நினைத்துக்கொண்டேன். மாவட்டம் தாண்ட என்ன பாடுபட்டாய், யார் யாரையோ பிடிக்க வேண்டியிருந்தது என்று புலம்பினாயே. ஆனால் 2020 ஆகஸ்டில் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள், செப்டம்பரில் மாவட்டம் தாண்டுவதற்கு அதையே எடுத்துவிட்டார்கள். எல்லோருக்கும் ஒன்றாக எடுத்தார்கள், பார். இங்கே திட்டம் நூறு மடங்கு ஒழுங்கு, செயலியில் தட்டினால் பாஸ் வந்துவிடும், யாரையும் பிடிக்க வேண்டாம். ஆனால் யாரிடம் பொறுப்பை விடலாம், யாரிடம் விடக் கூடாது என்று அரசாங்கம் மனதுக்குள் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. நான் அரசை நம்பினேனா என்று நீ கேட்டாய். நம்பினேன். பதிலுக்கு அது என்னை நம்பியது. செல்வமும் சொன்னபடியெல்லாம் கேட்டான், ஊசி போட்டான், அறைக்குள்ளேயே கிடந்தான். அவனுக்குப் பதிலுக்குக் கிடைத்தது பாஸ்.

அவனிடம் இதைச் சொன்னால், "விடுங்க மாமா, முன்னைக்கு இது எவ்வளவோ தேவலை" என்கிறான். வருகிற ஞாயிறு ஹஜ்ஜுப் பெருநாள், திங்களும் விடுமுறை. ஞாயிற்றுக்குப் பாஸ் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன், வீட்டில் சாப்பிட வருவான். தீபாவளிக்கு ஊருக்கு வர லீவு கேட்டிருக்கிறானாம். கிடைத்தால் அவனிடம் தைலமும் பிள்ளைகளுக்குச் சாக்லேட்டும் கொடுத்து அனுப்புகிறேன்.

அம்மாவுக்கு மூன்றாவது ஊசி போட்டாயிற்றா? அறுபது தாண்டியவர்களுக்கு அரசு ஆஸ்பத்திரியில் காசு வாங்குவதில்லை. மறுபடியும் தொற்று ஏறுகிறது என்று நீதானே எழுதியிருக்கிறாய். நடவு முடிந்த ஓய்விலேயே கூட்டிக்கொண்டு போய் வந்துவிடு.

அன்புடன்,
முருகையன்