வேலைக்கு ஆள் வரமுன்

அன்புள்ள மகளுக்கு,

சனிக்கிழமைகளில் வீடு துப்புரவாக்க ஒரு அக்கா வரப்போறா என்று சொன்னாய். நல்லது. கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத் தொடர்மாடி, உப்புக்காற்று யன்னல் கம்பியை என்ன பாடுபடுத்தும் என்று எனக்குத் தெரியும். வேலைக்கும் போய் வந்து நீ ஒருத்தி அதைச் சமாளிக்க ஏலாது. ஆனால் போனை வைக்கமுன் கேட்டாயே, ஹோலிலும் அறையிலும் அவவுக்குத் தெரியாமல் சின்னக் கமரா ஒன்று வைக்கட்டோ என்று. அதுக்குத்தான் இந்தக் கடிதம்.

வைக்காதே, பிள்ளை. நீ பயப்படுகிற விஷயம் முழுக்க ஒரு திறப்பாலும் நாலு வார்த்தையாலும் தீரக்கூடியது.

முதலில் உன்ர பக்கத்தைச் சரிசெய். அலுமாரியில் ஒரு லாச்சிக்கு நல்ல பூட்டுப் போடு. கடவுச்சீட்டு, நகை, வங்கிப் புத்தகம், சம்பளச் சிட்டை, டொக்டர் தந்த றிப்போட் எல்லாம் அதுக்குள் போகட்டும். களவுக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. மேசையில் ஒரு கடிதம் விரிந்து கிடந்தால், அதைத் தூக்கித் தூசி துடைக்கிறவவின் கண்ணில் எழுத்துப் படத்தான் செய்யும். அது அவவின் பிழை இல்லை. மடிக்கணினியை மூடிவை. குப்பை வாளியையும் ஒருக்கால் பார். பெயர் எழுதின மருந்துப் பைகளையும் வங்கித் துண்டுகளையும் கிழித்துப் போடு.

பிறகு வாயால் சொல்லு. முதல் நாள், வேலை தொடங்கமுன், தேத்தண்ணி ஒன்று கொடுத்து இருத்திச் சொல்லு: "அக்கா, இந்த மேசையை நான் துடைப்பன், இதைத் தொடவேண்டாம். வேற ஆளைக் கூட்டிக்கொண்டு வாறதெண்டால் முதலே எனக்குச் சொல்லுங்கோ. வீட்டைப் படம் எடுக்க வேண்டாம்." இதைச் சொல்ல வெட்கப்படாதே. எல்லை தெரியாத வீட்டில் வேலை செய்கிறதுதான் அவவுக்குக் கஷ்டம், எந்தக் கதவைத் திறந்தால் பிழை வரும் என்று யோசித்து யோசித்து நடக்கவேணும்.

இப்ப அவவின் பக்கம். இதைத்தான் நான் கூடச் சொல்ல நினைத்தேன்.

நீ சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் நாங்களும் வெள்ளவத்தையில் இருந்தோம். அது போர்க்காலம். வீட்டில் யார் யார் என்று பொலிசுக்கு எழுதிக் கொடுக்கவேணும், இரவில் சோதனை வரும். ஒருமுறை வந்தவர்கள் என்ர சேலை அடுக்குக்குள் கையை விட்டு, அப்பா எனக்கு எழுதின கடிதக் கட்டை எடுத்தார்கள். ஒருவர் நூலை அவிழ்த்து ஒவ்வொன்றாய் விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தமிழ் தெரியாதவர், ஒரு சொல்லும் விளங்கியிராது. ஆனாலும் எனக்கு உடம்பெல்லாம் கூசினது. எங்கட வீட்டுக்குள் இன்னொருத்தியை நாங்கள் அப்படிக் கூசவைக்கக் கூடாது.

அதனால் அவவின் பையைத் திறந்து பார்க்கிற பழக்கம் வேண்டாம். பை தொங்கவிட ஓர் ஆணி, உடுப்பு மாற்றக் கொண்டி போட்ட கதவு, இந்த இரண்டும் இருக்கவேணும். அடையாள அட்டையைப் பார், பெயரையும் இலக்கத்தையும் எழுதிக்கொண்டு உடனே கையில் கொடு. அட்டையை வாங்கி வைத்திருக்கிற வீடுகள் இருக்கு, அது அநியாயம். போனில் படம் எடுத்துச் சொந்தக்காரருக்கு அனுப்பவும் வேண்டாம். பழைய அட்டை இலக்கத்தில் முதல் 2 எண்கள் பிறந்த வருஷம், அடுத்த 3 எண்கள் அந்த வருஷத்தில் எத்தனையாம் நாள் என்பது, பெண்களென்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். இலக்கம் போனாலே பிறந்த திகதியும் போச்சு.

வெள்ளைக்காரர் 1871ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்து, வீட்டு வேலைக்காரரைப் பதிவு செய்து, நடத்தை எப்படி என்றும் எழுதிவைத்தார்கள். அந்தப் புத்தி இன்னும் போகவில்லை. தொடர்மாடி வட்ஸ்அப் குழுவில் "இவவைக் கவனம்" என்று படம் போடுகிறார்களாம். நீ அதில் சேராதே. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022இல் 9ஆம் இலக்கச் சட்டம் வந்தது உண்மைதான். ஆனால் ஒருவர் தன் சொந்த, வீட்டுத் தேவைக்கு மட்டும் வைத்திருக்கிற விபரங்களுக்கு அது பொருந்தாது. உன்ர ஹோல் கமராவைப் பற்றிக் கேட்க அந்தச் சட்டம் வராது, நீயாகத்தான் யோசிக்கவேணும். வாசலில் ஒன்று வேணுமென்றால் வை, ஆனால் முதல் நாளே கையால் காட்டிச் சொல்லிவிடு. அறைக்குள் வேண்டவே வேண்டாம்.

திறப்பை இப்போதைக்குக் கொடுக்காதே. கொஞ்சக் காலம் நீ நிற்கிற நேரம் வரட்டும், பழகின பிறகு பார்க்கலாம். ஏதாவது காணாமல் போனால் முதலில் நீயே வடிவாகத் தேடு. கிடைக்காவிட்டால் அவவிடம் நேரே கேள், பக்கத்து வீட்டுக்காரியிடம் போகவேண்டாம். அவ தன்ர வீட்டுக் கஷ்டம் ஏதும் சொன்னால் அதுவும் உன்னோடு நிற்கட்டும், எனக்கும் சொல்லத் தேவையில்லை.

பஸ் காசைச் சம்பளத்தோடு சேர்க்காமல் வேறாகக் கொடு. லாச்சிப் பூட்டை இந்த வெள்ளிக்குள் போட்டுவிடு.

அன்புடன்,
அம்மா